காலால் பிறந்தவளின் முதுகு

முதுகைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் காலைப் பற்றிச் சொல்லாமல் என் முதுகின் கதை யாருக்கும் விளங்காது. ஆகவே கால் முதலில், முதுகு பிறகு. நான் பிறந்ததும் அந்த வரிசையில்தான்.

உலகத்துப் பிள்ளைகள் தலையை நீட்டிக்கொண்டு வரும்போது நான் இடது காலை நீட்டினேனாம். இலங்கை மலையகத்தில் ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் டிஸ்பென்சரியில், அம்மாவையும் மருத்துவிச்சியையும் ஒரு பகல் முழுக்க அழவைத்துவிட்டுத்தான் மீதியும் வந்து சேர்ந்தது. அப்படிக் காலால் பிறந்தவர்கள் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுப்போகும் என்பது எங்கள் லயங்களில், அந்த வரிசை வீடுகளில், யாரும் கேள்வி கேட்காத நம்பிக்கை. பிடிப்பு வந்தவர் தரையில் சாக்கை விரித்துக் குப்புறப் படுப்பார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு இடது குதிகாலை அவர் இடுப்பில் வைத்து மூன்று முறை மிதிப்பேன். அவர் எழுந்து, பேசாமல், திரும்பிப் பார்க்காமல் போகவேண்டும். பாதிப் பேருக்குச் சரியாகிவிடும். மீதிப் பேர் எனக்காக வெட்கப்பட்டுச் சரியாகிவிட்டது என்பார்கள். இரண்டையும் நான் என் வெற்றியாகவே எடுத்துக்கொண்டேன்.

சின்ன வயதில் கங்காணி முதல் கோயில் பூசாரி வரை எல்லார் முதுகிலும் ஏறியிருக்கிறேன். பெரியபிள்ளையான பிறகு பெண்கள் முதுகு மட்டும். கல்யாணமாகிக் கொழுந்து எடுக்கப் போன இருபத்திரண்டு வருடத்திலும் ஞாயிற்றுக்கிழமை என் வாசலில் யாராவது இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். எனக்கு அதில் பெருமை இருந்தது. கூடையும் கயிறுமாகப் போகிற ஐம்பது பேரில் ஒருத்தியாக இல்லாமல், 'காலுக்காரி பார்வதி' என்று ஒரு பெயர் இருப்பது சும்மாவா?

என் மகள் தர்ஷினியும் வயிற்றுக்குள் காலைக் கீழே வைத்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் பதுளை ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள். உடனே எங்கள் லயத்தில் பெரிய வழக்கு ஆகிவிட்டது. கால் கீழே இருந்தது உண்மைதான், ஆனால் கால் முதலில் வெளியே வரவில்லையே, அதைக் காலால் பிறந்த கணக்கில் எடுக்கலாமா? பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் செல்லம்மா அக்கா கடைசியில் தீர்ப்புச் சொன்னார். "கத்தி போட்டு எடுத்ததுக்கு பவர் கெடையாது. புள்ளைய விட்டுருங்க." தர்ஷினி பெரியவளாகி இந்தக் கதையைக் கேட்டபோது, "நல்லவேளை தப்பிச்சேன்" என்று சிரித்தாள். அவளுக்கு இப்போது பதினேழு வயது. உயர்தர வகுப்புப் படிக்கிறாள். யார் மேலும் கால் பட்டுவிட்டால் உடனே தொட்டுக் கும்பிடுகிற பிள்ளை.

இனி முதுகு.

எனக்கு இடுப்பு வலி வந்து ஆறேழு வருடமாகிறது. மலையில் வேலை செய்கிற பெண்ணிடம் இடுப்பு வலி என்று சொன்னால், தினமும் சூரியன் உதிக்கிறது என்று சொன்ன மாதிரிதான் பார்ப்பாள். செடி குத்தாமலிருக்க இடுப்பைச் சுற்றி ஒரு படங்குத் துணியைக் கயிற்றால் கட்டுவோம். வலி வந்தால் அந்தக் கயிற்றை இன்னும் ஒரு சுற்று இறுக்குவேன். இறுக்கினால் நிமிர முடியும், நிமிர்ந்தால் கொழுந்து எடுக்க முடியும். அதுதான் எனக்குத் தெரிந்த வைத்தியம். பிறகு வலி இடது பிட்டத்தில் இறங்கியது. அதன் பின் தொடையின் வெளிப்பக்கமாக வந்து, கெண்டைக்காலைக் கடந்து, பாதத்தின் மேல்புறம் வரை ஒரு கோடு போட்டது. தும்மினால் அந்தக் கோடு முழுவதும் பற்றி எரியும். டிஸ்பென்சரியில் கொடுத்த மாத்திரை வயிற்றைத்தான் எரித்தது.

மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை, கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டுக் கூடையை இறக்கியவள் நிமிர முடியாமல் அப்படியே நின்றேன். இரண்டு பேர் பிடித்து வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். என் கணவர் தங்கராஜ் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், மெசின் பழுது பார்ப்பவர். அவர், "திங்கக்கெழமை பதுளைக்குப் போவோம்" என்றார். எனக்கோ அவமானம். ஊர் முதுகையெல்லாம் நிமிர்த்தினவள் தன் முதுகை நிமிர்த்த முடியாமல் பஸ்ஸில் குனிந்துகொண்டு போவதா? என் காலை என் முதுகில் வைக்க வழியில்லை. எங்கள் தோட்டத்து டிவிஷனில் வேறு காலால் பிறந்தவரும் இல்லை.

ஞாயிறு காலை தர்ஷினியைக் கூப்பிட்டேன்.

"தர்ஷி, இங்க வா. அம்மா முதுகுல கால் வச்சு விடு."

"என்னாம்மா நீங்க! என் காலுக்குத்தான் பவர் இல்லைன்னு செல்லம்மா பெரியம்மாவே சொல்லிட்டாங்களே."

"அவளுக்கு என்னா தெரியும்? நான் சொல்றேன், வச்சுப் பாரு."

"வேணாம்மா. எனக்குப் பயமா இருக்கு. நாளைக்கு டொக்டர்கிட்ட காட்டுவோம்."

"ஒரு நிமிச வேலைக்கு என்னாடி பயம்? பெத்தவ கெஞ்சிக்கிட்டுக் கெடக்கேன், நீ வியாக்கியானம் பண்றியா?"

அந்தக் கடைசி வாக்கியம்தான் அவளைப் பணிய வைத்தது. அம்மாக்களிடம் இப்படி நாலைந்து வாக்கியங்கள் எப்போதும் கைவசம் இருக்கும். சாக்கை விரித்துப் படுத்தேன். அவள் செருப்பைக் கழற்றி, என்னைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு மிதித்தாள். ஒன்று. இரண்டு. பஞ்சு மாதிரி இருந்தது. "நல்லா அழுத்தி மிதிடி" என்றேன். மூன்றாவது மிதியில் இடுப்புக்குள் ஏதோ நழுவியது. இடது காலில் சுடுதண்ணீர் ஓடியது போல ஒன்று இறங்கி விரல் நுனியில் முடிந்தது.

கொஞ்ச நேரத்தில் வலி குறைந்தது. மத்தியானத்துக்குள் காலில் அந்த எரிகிற கோடே இல்லை. நான் எழுந்து சோறாக்கினேன். தண்ணீர்ப் பைப்படியில் நின்று, "எம்மக காலுக்கும் பவர் இருக்கு, ஆபரேசன்ல பொறந்தாலும் ரத்தம் ரத்தந்தான்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். தர்ஷினி வெட்கப்பட்டுச் சிரித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. பதுளைப் பயணத்தை நானே ரத்துச் செய்தேன்.

திங்கள் காலை வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குப் போனேன். படிக்கட்டு ஏறும்போது இடது கால் விரல் இரண்டு தரம் தட்டியது. செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் பத்தடி நடந்திருக்கிறேன். வலிதான் இல்லையே, மரத்துப்போனது மெல்லச் சரியாகும் என்று நினைத்தேன். இப்படி நாலு நாள் மலை ஏறி இறங்கினேன். ஐந்தாம் நாள் கங்காணி, "என்னா பார்வதி, சப்பு சப்புன்னு நடக்கிற? காலு தரையில அடிக்குது?" என்று கேட்டார். குனிந்து பார்த்தேன். குதிகாலை ஊன்றினால் பாதம் தானாக மடங்கிப் பொத்தென்று விழுந்தது. மேலே தூக்கச் சொல்லி மனதால் கட்டளை போட்டேன். அது கேட்கவில்லை. என் பெயருக்கே காரணமான கால், வேறு யாருடைய கால் மாதிரியோ கிடந்தது. டிஸ்பென்சரியில் பார்த்தவர் உடனே கடிதம் எழுதிப் பதுளைக்கு அனுப்பினார்.

பதுளைப் பெரியாஸ்பத்திரியின் காத்திருக்கும் வாங்கில் தங்கராஜ் ஒரு பக்கம், தர்ஷினி ஒரு பக்கம், நடுவில் நான். முதுகு வலிக்காரர்களை வாங்கில் வைத்தே கண்டுபிடிக்கலாம். யாரும் நேராக உட்கார்ந்திருக்க மாட்டார்கள். ஒரு பிட்டத்தைத் தூக்கிக்கொண்டும், கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டும், உட்கார்ந்தால் எழும்ப முடியாதென்று நின்றுகொண்டும் இருந்தோம். இத்தனை முதுகும் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வாசலுக்கு வந்தால் என்னாவது என்று நினைத்துச் சிரிப்பு வந்தது. பயம் வந்தால் எனக்கு முதலில் சிரிப்புத்தான் வரும்.

எங்களைப் பார்த்தவர் மட்டக்களப்பைச் சேர்ந்த இளம் டொக்டர், பெண். கட்டிலில் படுக்க வைத்துக் காலை நீட்டியபடியே உயர்த்தினார், முழங்காலைச் சுத்தியலால் தட்டினார், ஊசி முனையால் பாதத்தைத் தொட்டுத் தொட்டுக் கேட்டார்.

"அக்கா, இந்தப் பெருவிரல மேல தூக்குங்க பாப்பம்."

தூக்கினேன். அதாவது, தூக்கியதாக நினைத்தேன்.

"சலம் போறது, வெளிக்குப் போறதெல்லாம் சரியா இருக்கா? அந்த இடத்தில மரத்த மாதிரி இருக்கா?"

"அதெல்லாம் நல்லாத்தாங்க இருக்கு. வலியும் இப்ப இல்லைங்க."

"நோவு குறைஞ்சதோடதானே கால் விழுந்திருக்கு? அது சுகமானதால குறையல்ல அக்கா. நரம்பு நசிஞ்சு களைச்சுப் போனதால குறைஞ்சது." அவர் என் முகத்தைப் பார்த்தார். "விழுந்தீங்களா? பாரம் தூக்கினீங்களா? இந்தப் பக்கத்தில முதுகு மிதிக்கிற பழக்கம் இருக்காமே, ஆராவது மிதிச்சாங்களா?"

தர்ஷினி என் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கட்டில் பக்கத்தில் நின்றாள்.

"இல்லைங்க" என்றேன்.

அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துச் சொன்ன பொய். நான் அவள் முகத்தைப் பார்த்தேன், அவள் தரையைப் பார்த்தாள். மறைக்க வேண்டிய ஒன்று நடந்திருக்கிறது என்று அந்த ஒரு சொல்லால் நானே அவளுக்குச் சொல்லிவிட்டேன். அன்று வார்ட்டில் என்னைப் படுக்க வைத்துவிட்டுப் போனவள்தான், பிறகு ஆஸ்பத்திரிப் பக்கமே வரவில்லை.

இரண்டு நாள் கழித்து எம்.ஆர்.ஐ. என்கிற மெசினுக்குள் அனுப்பினார்கள். ஒரு குழாய்க்குள் அசையாமல் கிடக்கவேண்டும், சுற்றிலும் தகரத்தில் ஆள் வைத்து அடிக்கிற மாதிரிச் சத்தம். எக்ஸ்ரே எலும்பைத்தான் காட்டும், இது எலும்புக்கு நடுவே இருப்பதையும் நரம்பையும் காட்டும். அடுத்த நாள் டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து எங்களுக்கு விளக்கினார். முதுகு வலியோடு இதைப் படிக்கிறவர்களுக்காக, எனக்கு விளங்கிய அளவில் எழுதுகிறேன்.

முதுகெலும்பு ஒரே எலும்பல்ல, ஒன்றன் மேல் ஒன்றாக வைத்த பல எலும்புகள். ஒவ்வொரு இரண்டுக்கும் நடுவே ஒரு தட்டு இருக்கிறது. அதுதான் டிஸ்க். வெளியே வளையம் வளையமாகக் கடினமான நார், உள்ளே தண்ணீர் நிறைந்த கொழகொழப்பான பசை. நாம் குனிந்தாலும் சாய்ந்தாலும் அந்தப் பசை பாரத்தை எல்லாப் பக்கமும் சமமாகப் பரப்பும். வயது போகப் போக, உழைப்பும் சேரச் சேர, அந்தத் தண்ணீர் வற்றும். படத்தில் என் மற்ற டிஸ்க்குகள் கொஞ்சமாவது வெளிறித் தெரிந்தன. இடுப்பின் நாலாவது ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவே இருந்தது மட்டும் கறுத்துச் சப்பையாகிக் கிடந்தது.

"தண்ணி வத்தினா உயரம் குறையும். உயரம் குறைஞ்சா, எலும்புகளக் கட்டி வெச்சிருக்கிற நார் எல்லாம் தொய்ஞ்சு போகும். பிறகு அந்த இடம் ஆடத் தொடங்கும்" என்றார் டொக்டர். "பாரமும் முன்ன மாதிரி நடுவில இறங்காது. பின்னால இருக்கிற சின்ன மூட்டுகள்ல போய் இறங்கும். அதுகள் பாரம் தாங்கிறதுக்கு எண்டு செஞ்ச மூட்டு இல்ல. அதுவும் தேயும்."

எனக்குப் பாதிதான் விளங்கியது. தங்கராஜ் விஷயத்தைப் பட்டென்று பிடித்துக்கொண்டார்.

"எங்க ரோலர் மெசின் காலுக்கு அடியில ரப்பர் வச்சிருக்கோம்ல, அது மாதிரிங்களா டொக்டர்? ஒரு காலு ரப்பர் காஞ்சு சப்பையாப் போச்சுன்னா மெசின் அந்தப் பக்கம் ஆடும். ஆடுற ஆட்டத்துல மத்த போல்ட்டெல்லாம் லூசாகும். நாங்க போல்ட்ட முறுக்கி முறுக்கி ஓட்டுவோம்."

"அதேதான் அண்ணன்" என்று டொக்டர் சிரித்தார். "இவங்கட முதுகில போல்ட்டு எண்டா தசை. ஆட்டத்த நிப்பாட்ட அது எந்த நேரமும் இறுகிப் பிடிச்சுக்கொண்டு இருக்கும். நீங்க பிடிப்பு எண்டு சொல்றது அதைத்தான்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருடம் நான் குதிகாலால் மிதித்து விடுவித்ததெல்லாம், உள்ளே ஆடுகிற எலும்பை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த தசையைத்தான். வெறும் தசை வலிக்காரர்களுக்கு அது சுகமாக இருந்திருக்கும். டிஸ்க் போனவர்களுக்கு?

மலை வேலை இந்தத் தட்டை எப்படித் தேய்க்கிறது என்றும் கேட்டேன். கூடை முதுகில், கயிறு தலையில். பாரம் பின்னால் இழுக்க, விழாமலிருக்க உடம்பை முன்னால் சாய்க்கிறோம். அந்தச் சாய்வை நிறுத்தி வைக்கிற வேலை இடுப்புத் தசைக்கு. தசை எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவும் டிஸ்க்கின் மேல் பாரமாக ஏறும், கூடையின் எடைக்கு மேலே. சரிவில் ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே நின்று, பக்கத்துச் செடிக்கு உடம்பை முறுக்குகிறோம். குனிவதும் முறுக்குவதும் ஒன்றாகச் சேரும்போதுதான் வெளி வளையம் அதிகம் கீறும். கீறல் வழியாக உள்ளே இருப்பது பிதுங்கும். எனக்கு அது பிதுங்கி, ஒரு துண்டு வெளியேயே வந்து, பாதத்தை உயர்த்துகிற நரம்பின் மேல் உட்கார்ந்திருந்தது.

"ஆபரேஷன் செய்து துண்ட எடுக்க வேணும். பிந்தினா கால் திரும்பாமலே போகலாம். கெதியாச் செய்தாலும் திரும்பும் எண்டு சத்தியம் பண்ண ஏலாது" என்றார்.

கூடை சுமக்க முடியாமல் போவதைப் பற்றி நான் அப்போது அதிகம் கவலைப்படவில்லை. தங்கராஜ் முந்திய நாள் வார்ட்டுக்கு வெளியே வைத்துச் சொன்னதுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. "புள்ள சாப்புட மாட்டேங்குது, பார்வதி. ஸ்கூலுக்கும் போகல. 'நான்தான் அம்மா கால ஒடச்சேன்'னு மொணங்குது. என்னா நடந்துச்சுன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்குது." என் கால் திரும்பாவிட்டால் நான் ஒரு காலைத்தான் இழப்பேன். அவள் வாழ்க்கை முழுவதும் என் நடையைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். அதனால் எனக்கு அந்தக் கால் வேண்டும்.

தங்கராஜ் தேத்தண்ணீர் வாங்கப் போன நேரம் பார்த்து, டொக்டரிடம் உண்மையைச் சொன்னேன். மிதித்தது, வலி குறைந்தது, தம்பட்டம் அடித்தது எல்லாம். அவர் திட்டவில்லை. கட்டில் ஓரத்தில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"மக மிதிச்சதாலதான் இப்பிடி ஆச்சுங்களா?" என்றேன்.

"இல்ல எண்டு சொல்ல ஏலாது அக்கா. அதாலதான் எண்டும் சொல்ல ஏலாது. இந்த டிஸ்க் பத்து வருஷமாக் காய்ஞ்சுகொண்டு வந்திருக்கு. வளையம் கீறினதும் நேத்து இல்ல. ஒரு தும்மலில வந்திருக்கலாம், கூடைய இறக்கேக்கயே வந்திருக்கலாம். சில வேளை மிதி கடைசித் தள்ளலா இருந்திருக்கலாம்."

"அவகிட்ட மட்டும், மிதிச்சதால இல்லன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க டொக்டர். உங்க வாயால சொன்னா நம்புவா."

அவர் தலையசைத்து மறுத்தார். "தெரியாதத தெரியும் எண்டு சொல்ல மாட்டன். கூட்டிக்கொண்டு வாங்க, படத்தக் காட்டி விளங்கப்படுத்துறன்."

எனக்குக் கோபம் வந்தது. ஒரு சின்னப் பொய்யில் என்ன குடி முழுகிவிடும்? இரண்டு நாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. தர்ஷினியும் வரவில்லை.

ஆபரேஷனுக்கு முந்திய நாட்களில் பக்கத்துக் கட்டில் சோமாவதி அக்காதான் எனக்குத் துணை. பண்டாரவளைப் பக்கம் மரக்கறித் தோட்டம் செய்கிற சிங்கள அம்மா. கோவா, அதாவது முட்டைக்கோஸ், மூட்டை தூக்கி முதுகு போனவர். அவருக்குத் தமிழ் பாதி, எனக்குச் சிங்களம் பாதி, கூட்டினால் ஒன்றாகிவிடும். என் பாதம் கட்டிலுக்கு வெளியே தொங்குவதைப் பார்த்தால் எழுந்து வந்து தலையணை வைத்துவிடுவார். "நங்கி, கால் தொங்கப் போட வேணாம், இறுகிப் போகும், மிஸ்ஸி சொன்னது" என்பார். நங்கி என்றால் தங்கை, மிஸ்ஸி என்றால் நர்ஸ். தன் மகன் கொண்டுவந்த சோற்றில் எனக்குப் பங்கு வைப்பார். நான் அழுதபோது காரணம் கேட்காமல் காலைத் தடவிக்கொண்டிருந்தார். ஊரார் முதுகிலெல்லாம் ஏறிப் பழகிய அந்தப் பாதத்தை ஒருவர் மடியில் வைத்துத் தடவியது எனக்குக் கூச்சமாக இருந்தது. வேண்டாம் என்று சொல்லவும் மனம் வரவில்லை.

ஆபரேஷன் அன்று குப்புறப் படுக்க வைப்பார்கள் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமைச் சாக்கு நினைவுக்கு வந்தது. மயக்கம் தெளிந்து கண் விழித்தபோது தொண்டை வறண்டு, முதுகில் கட்டு. தங்கராஜ் என் கால்மாட்டில் நின்று பெருவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். தூக்கச் சொன்னார்கள். அசையவில்லை. மறுநாளும் அசையவில்லை. நரம்பை நசித்த துண்டை எடுத்தாகிவிட்டது, நரம்பு மெதுவாகத்தான் விழிக்கும், மாதக்கணக்காகும், விழிக்காமலும் போகலாம் என்றார் டொக்டர். காய்ந்த டிஸ்க்கை யாராலும் மறுபடி நனைக்க முடியாது என்பதையும் சொன்னார். ஆபரேஷன் நரம்புக்குத்தான். முதுகுக்கு இனி நான்தான் பொறுப்பு. பக்கவாட்டில் திரும்பிக் கையை ஊன்றி எழும்ப வேண்டும். பாரத்தை உடம்போடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். உடற்பயிற்சி மிஸ் வயிற்றுத் தசைக்கும் முதுகுத் தசைக்கும் பயிற்சி சொல்லித் தந்தார். தட்டு விட்ட வேலையை இனி தசைதான் செய்ய வேண்டும், இறுக்கிக் கட்டுகிற படங்குக் கயிறு அதைச் செய்யாது என்றார்.

பாதம் விழாமலிருக்க ஒரு பிளாஸ்டிக் தாங்கி கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீட்டில் தர்ஷினி என்னைக் கண்ணாடிச் சாமான் மாதிரிப் பார்த்துக்கொண்டாள். தண்ணீர் பிடித்தாள், துணி துவைத்தாள், எனக்குத் தலை வாரினாள். பள்ளிக்கூடத்துக்கும் போய் வந்தாள். ஆனால் என் இடது காலை அவள் பார்க்கவே இல்லை. தாங்கியை மாட்டிவிடச் சொன்னால் அப்பாவைக் கூப்பிடுவாள். வீட்டுக்குள்ளும் செருப்போடு நடந்தாள். என் பாய்க்குப் பக்கத்தில் படுக்கிறவள், கால் பட்டுவிடும் என்று சுவரோரம் ஒதுங்கினாள். "உன்னால இல்லடி" என்று பலமுறை சொன்னேன். "சரிம்மா" என்பாள். ஆஸ்பத்திரியில் 'இல்லைங்க' என்று சொன்ன அதே வாயால் சொல்வதை அவள் எப்படி நம்புவாள்? பொய் சொன்ன வாய்க்கு மெய்யும் பொய்யாகத்தான் போகும்.

ஆறாவது வாரம் என் பெருவிரல் கொஞ்சம் எழும்பியது. ஒரு நெல் மணி உயரம் இருக்கும். தர்ஷினி ஓடிவந்து பார்த்தாள், முகம் மலரப் பார்த்தது, பிறகு மறுபடி மூடிக்கொண்டது. விரல் எழும்பினால் எல்லாம் சரியாகும் என்று நான் நினைத்தது தப்பு.

இரண்டு மாதம் ஆனபோது, ஒரு ஞாயிறு காலை, செல்லம்மா அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். கையில் சாக்கு.

"பார்வதி, ஒனக்குத்தான் முடியல. மகள வந்து ஒரு கால் வச்சுட்டுப் போகச் சொல்லு. அது கால்லயும் பவர் இருக்குன்னு பைப்படியில நீதானே சொன்ன?" சொல்லிக்கொண்டே சாக்கை விரித்துக் குப்புறப் படுத்துவிட்டார்.

தர்ஷினி குடத்தோடு வாசலில் நின்றாள். அவள் தன் காலைப் பார்த்தாள், பிறகு என் தாங்கியைப் பார்த்தாள். நான் பக்கவாட்டில் திரும்பி, கையை ஊன்றி, எழுந்து நின்றேன்.

"எந்திரிங்க அக்கா. அவ யாரு முதுகுலயும் கால் வைக்க மாட்டா. நானும் இனிமே வைக்க மாட்டேன்."

"ஏன்? நீ சரியாயிட்டேன்னு சொன்னியே?"

"சரியாகல. நரம்பு செத்துக்கிட்டு இருந்துச்சு, அதான் வலி நின்னுச்சு. அதப் போயி குணமாச்சுன்னு ஊரு பூரா சொன்னேன். டொக்டர்கிட்ட மிதிக்கலன்னு பொய் சொன்னேன். மிதிச்சதாலதானான்னு பிறகு கேட்டதுக்கு, இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், தெரியாதுன்னாங்க. எனக்கும் தெரியாது. ஆனா ஒண்ணு தெரியும். இவ வேணாம்னா. பயமா இருக்குன்னா. டொக்டர்கிட்ட போவோம்னா. நான்தான் அதட்டி ஏத்துனேன். நல்லா அழுத்தி மிதின்னும் நான்தான் சொன்னேன்."

செல்லம்மா அக்கா எழுந்து உட்கார்ந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப என் இடுப்புக்கு யாருகிட்ட போறது?" என்றார். தங்கராஜ் உள்ளேயிருந்து, "பதுளைக்கு நாளைக்குக் காலையில பஸ் இருக்கு அக்கா, நானே கூட்டிக்கிட்டுப் போறேன்" என்றார். அக்கா சாக்கைச் சுருட்டிக்கொண்டு, முனகிக்கொண்டே போனார்.

தர்ஷினி குடத்தைக் கீழே வைத்தாள். வைத்த வேகத்தில் தண்ணீர் தளும்பித் தரையெல்லாம் ஓடியது.

"வேணாம்னு சொன்னேன்லம்மா!"

என் பிள்ளை அவ்வளவு சத்தமாகக் கத்தி நான் கேட்டதில்லை. லயம் முழுக்கக் கேட்டிருக்கும்.

"பயமா இருக்குன்னு சொன்னேன்ல! ஏம்மா கேக்கல? நான் சொன்னா ஒரு தரம் கேக்கக் கூடாதா?"

கேட்கக் கேட்க என் உடம்பெல்லாம் லேசாகியது. இத்தனை நாளாக அவள் தன் மேலேயே கொட்டிக்கொண்டிருந்ததை, கொட்ட வேண்டிய இடத்தில் இப்போதுதான் கொட்டினாள். அவள் கத்தி முடியும் வரை நான் குறுக்கே பேசவில்லை. செருப்பை உதறிவிட்டு, ஈரத் தரையில் வெறுங்காலோடு வந்து என் தோளைப் பிடித்து உலுக்கினாள், பிறகு முதுகு நினைவுக்கு வந்து சட்டென்று கையை எடுத்தாள். நான் அந்தக் கையைப் பிடித்து மறுபடி தோளில் வைத்தேன்.

"கேட்டிருக்கணும், தர்ஷி" என்றேன்.